திருப்பூர் போய் டிரெஸ் எடுக்கப் போறீங்களா, பையில ஒரு இன்ச் டேப் போட்டுக்கோங்க

திருப்பூர்ல டிஷர்ட்டை கிலோ கணக்குல அள்ளிட்டு வரலாமாமேன்னு வெளியூர் சொந்தக்காரங்க யாராச்சும் கேக்காத தீபாவளி இல்லைங்க. கிலோ கணக்குல விக்கறது பெரும்பாலும் துணியும் பனியன் வேஸ்ட்டும்தான், தைச்சு முடிச்சது அனேகமா பீஸ் கணக்குதான். ஆனா விலை கம்மிங்கறது உண்மை, வெளியில 500, 600 கொடுத்து எடுக்கற மாதிரி டிஷர்ட் இங்க 150ல இருந்து 250க்குள்ள அமைஞ்சிரும். அதே 150 ரூபாய்க்கு, ரெண்டு துவைப்புல கழுத்து தொங்கி சைடு தையல் தொப்புளுக்கு வந்து நிக்கற பீஸும் அதே கடையில அதே ரேக்குலதான் இருக்கும். கடைக்காரர் ரெண்டையுமே "எக்ஸ்போர்ட் பீஸுங்ணா"ன்னுதான் சொல்லுவார். எது எதுன்னு பிரிக்கறது நம்ம வேலை, அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல இந்த எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்னா என்னன்னு தெரிஞ்சுக்கோங்க, இல்லன்னா ஏமாறது ரொம்ப ஈஸி. ஒரு கம்பெனிக்கு வெளிநாட்டுல இருந்து 10,000 பீஸ் ஆர்டர் வருதுன்னு வைங்க, அவங்க கரெக்டா 10,000 வெட்ட மாட்டாங்க, சாயத்துல கொஞ்சம் போகும், தையல்ல கொஞ்சம் போகும், செக்கிங்ல கொஞ்சம் கழியும்னு சில சதவீதம் சேர்த்துதான் வெட்டுவாங்க. ஷிப்மென்ட் போனதுக்கு அப்புறம் மீதி நிக்கறது ஒரு வகை, இது நல்ல பீஸ், எந்தக் குறையும் இருக்காது. செக்கிங்ல கழிச்சுப் போட்டது இன்னொரு வகை, அதுக்குப் பேரு செகண்ட்ஸ், சின்ன ஓட்டை, எண்ணெய்க் கறை, ஷேட் வித்தியாசம், அளவு அரை இன்ச் முன்ன பின்ன, இப்படி ஏதோ ஒண்ணு இருக்கும். மூணாவது, ஆர்டரே கேன்சல் ஆகி மொத்தமா ஸ்டாக் லாட்டா வெளிய வர்றது, இது அமைஞ்சா ஜாக்பாட், ஒரே டிசைன்ல எல்லா சைஸும் கிடைக்கும். நாலாவதா ஒண்ணு இருக்கு, அதுதான் மார்க்கெட்ல ரொம்ப அதிகம், லோக்கல்ல மட்டமான துணியில தைச்சு மேல ஒரு பெரிய பிராண்ட் லேபிளை ஒட்டி "சர்ப்ளஸ்"னு விக்கறது. லேபிள் தனியா ரோல் ரோலா கிடைக்குதுங்க, அதை வாங்கி வெச்சு அடிக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்.

அதனால கழுத்துல இருக்க பிராண்ட் லேபிளைப் பார்க்காதீங்க, உள்பக்கம் இடது சைடு தையல்ல ஒரு வெள்ளைப் பட்டை தொங்கும் பாருங்க, வாஷ்கேர் லேபிள், அதைப் பாருங்க. ஐரோப்பாவுக்குப் போற பீஸ்னா அதுல எட்டு பத்து மொழியில காட்டன் இத்தனை சதவீதம்னு எழுதி புத்தகம் மாதிரி நாலஞ்சு பக்கம் இருக்கும், ஆர்டர் நம்பர், ஸ்டைல் நம்பர்னு பொடி எழுத்துல ஏதாச்சும் இருக்கும். அமெரிக்கா பீஸ்ல பெரும்பாலும் ஆர்என்னு (RN) போட்டு ஒரு நம்பர் இருக்கும், அது அந்த ஊர் அரசாங்கம் கம்பெனிகளுக்குக் கொடுக்கற பதிவு எண், போன்லயே எஃப்டிசிங்கற (FTC) அந்த ஊர் வர்த்தகக் கமிஷன் வெப்சைட்ல போட்டா எந்தக் கம்பெனின்னு காட்டிரும். கழுத்துல ஒரு பிராண்ட், ஆர்என் நம்பர்ல சம்பந்தமே இல்லாத வேற கம்பெனி வந்தா நீங்களே புரிஞ்சுக்கலாம். நிஜ சர்ப்ளஸ்ல கழுத்து லேபிளைப் பாதி வெட்டியோ, மார்க்கர்ல கோடு போட்டோ, மொத்தமா பிச்சோ இருப்பாங்க, ஏன்னா அந்த பிராண்ட் பேர்ல வெளிய விக்கக் கூடாதுன்னு ஆர்டர் கொடுத்த பையர் சொல்லியிருப்பான். லேபிள் பளபளன்னு முழுசா இருந்து விலையும் 150ன்னா சந்தேகப்படணும். வெட்டின லேபிளைப் பார்த்து மூஞ்சி சுளிக்கறவங்கதான் நிறைய பேர், எனக்கு அதைப் பார்த்தாத்தான் கை நிக்கும்.

எங்க போறதுன்னா காதர்பேட்டை. ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிரலாம், ஆட்டோ எல்லாம் வேண்டாம். சந்து சந்தா கடை, வெளியில கயித்துல தொங்கும், உள்ள மூட்டை மூட்டையா கிடக்கும். சில கடை ஹோல்சேல் மட்டும்தான், ஒரு பீஸ் கேட்டா மூஞ்சியைக் கூடப் பார்க்க மாட்டாங்க, செட்டா எடுத்தாத்தான் கொடுப்பாங்க, செட்னா ஒரே டிசைன்ல எம், எல், எக்ஸ்எல்னு சைஸுக்கு ஒண்ணு. அண்ணன் தம்பி மாமன் மச்சான்னு ஒரு குரூப்பா போனா இது பிரச்சனையே இல்ல, செட்டைப் பிரிச்சுக்கலாம், எல்லாரும் ஒரே டிசைன்ல பேண்ட் வாத்தியக் கோஷ்டி மாதிரி நிக்கணும், அவ்வளவுதான். ஒரு பீஸ் ரெண்டு பீஸ் கொடுக்கற சில்லறைக் கடையும் நிறைய இருக்கு, கேட்டுட்டு உள்ள போங்க. தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு வாரம் அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்காதீங்க, பீஸை விரிச்சுப் பார்க்கவே இடம் இருக்காது, விரிச்சுப் பார்க்காம வாங்கறதுன்னா இங்க வர வேண்டிய அவசியமே இல்ல. வார நாள்ல காலையில போங்க, கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும்.

இப்ப பீஸைக் கையில எடுத்தாச்சு, எப்படிப் பார்க்கணும்னு சொல்றேன். கம்பெனியில செக்கிங் டேபிள்ல உக்காந்திருக்க அக்கா ஒரு டிஷர்ட்டை எடுத்தா கழுத்துல ஆரம்பிச்சு கீழ வரைக்கும் கண்ணு ஒரே வரிசையில ஓடும், உள்ள திருப்பி மறுபடியும் ஓடும், ஒரு நிமிஷம் கூட ஆகாது. அதே மாதிரிதான்.

முதல்ல கழுத்து. கழுத்து ரிப்பை ரெண்டு கட்டை விரல்ல இழுத்து விடுங்க, விட்ட உடனே பழைய அளவுக்கு சட்டுனு வந்துரணும், அலை அலையா நின்னா அந்த கழுத்து மூணு மாசத்துல நெளிஞ்சு தொங்கிரும். பின்பக்கம் கழுத்துத் தையலை மூடி தோள்ல இருந்து தோள் வரைக்கும் ஒரு டேப் வெச்சுத் தைச்சிருக்கான்னு பாருங்க, அது இருந்தா தோள் தொங்காது, காசு மிச்சம் பிடிக்கற கம்பெனி முதல்ல கை வைக்கறது அந்த டேப்லதான். அடுத்து சைடு தையலும் கைத் தையலும் அக்குள்ல சேர்ற இடத்துல விரலை வெச்சு லேசா இழுங்க, தையலுக்கு நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா வெச்சிருங்க. கைமடிப்பும் கீழ்மடிப்பும் வெளியில ரெண்டு கோடு, உள்ள வலை மாதிரி நூல், இதுதான் பேட்லாக் தையல், கோடு ரெண்டும் ரோடு போட்ட மாதிரி நேரா போகணும்.

அப்புறம் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க. இது ரொம்ப முக்கியம், ஊசி ஓட்டை, நூல் அந்து போன இடம் எல்லாம் டேபிள்ல விரிச்சு வெச்சா தெரியவே தெரியாது, வெளிச்சத்துல பொட்டுப் பொட்டா காட்டிக் கொடுத்துரும். கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து புழு ஓட்டை தேடற நம்ம அம்மாங்க, 300 ரூபா துணியை மட்டும் கவர்ல இருந்தே எடுக்காம வாங்கிட்டு வருவாங்க. பனியன் துணியில ஒரு சின்ன ஓட்டை இருந்தா அது சின்னதாவே இருக்காது, பின்னல் துணி, ஒரு கண்ணி விட்டா வரிசையா விட்டுட்டே போகும்.

அடுத்ததுதான் யாரும் பார்க்காதது. டிஷர்ட்டை நீளவாக்குல ரெண்டா மடிச்சு, ரெண்டு சைடு தையலும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காருதான்னு பாருங்க. புதுசா இருக்கும்போதே ஒரு தையல் முன்னாடி வளைஞ்சு வந்திருந்தா, துவைச்சதும் மொத்த டிஷர்ட்டும் உடம்பைச் சுத்தி முறுக்கிக்கும். சிங்கிள் ஜெர்ஸின்னு சொல்ற சாதாரண டிஷர்ட் பின்னல் துணிக்கே இந்த வியாதி உண்டு, நூல் முறுக்கும் சாயம் போட்டு முடிச்சு காய வெச்ச விதமும் சரியில்லன்னா வந்துரும், வீட்டுல அயர்ன் பண்ணிச் சரி பண்றதெல்லாம் நடக்காத காரியம்.

துணி கனத்துக்கு வருவோம். ஜிஎஸ்எம்னு ஒரு வார்த்தை எல்லாக் கடையிலயும் காதுல விழும், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்கு. 140, 150ன்னா மெலிசு, வெள்ளை கலர்ல எடுத்தா உள்ள போட்டிருக்க பனியன் தெரியும். 180ங்கறது தினசரி போட நல்ல கனம், நம்ம வெயிலுக்கும் தாங்கும். இப்ப பசங்க எல்லாம் கேக்கற ஓவர்சைஸ் டிஷர்ட் 220, 240 போகும், அந்த கனம் இருந்தாத்தான் அது பாக்ஸ் மாதிரி நிக்கும், ஆனா மே மாசம் சென்னையில அதைப் போட்டுட்டு பஸ்ல நிக்கறது தவம்தான். கனம் அதிகம்னா தரம் அதிகம்னு அர்த்தம் இல்லைங்க, மட்ட நூலையும் தடிமனா பின்னலாம். நூல் கோம்டு காட்டனா, அதாவது குட்டை இழையைச் சீவி எடுத்ததா, துணி பயோவாஷ் பண்ணதான்னு கேளுங்க, பயோவாஷ்னா என்சைம் போட்டு மேல இருக்க பிசிறை எடுத்துடறது, அப்படிப் பண்ண துணி வழவழன்னு இருக்கும், சீக்கிரம் முடிச்சு முடிச்சா எழும்பாது. கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க, அதனால கட்டை விரலால ஒரே இடத்துல ஒரு பத்து பதினஞ்சு தடவை தேயுங்க, பஞ்சு எழும்புச்சுன்னா பதில் கிடைச்சுருச்சு.

காட்டன்னு சொல்லி பாலியஸ்டர் கலந்து தர்றதும் உண்டு. உள்மடிப்புல தொங்கற தையல் நூலை எடுத்துப் பார்க்காதீங்க, தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், துணியில இருந்தே ஒரு இழை வேணும். கடையில கொளுத்த முடியாது, வீட்டுக்கு வந்து ஒரு இழையைப் பத்த வெச்சா காட்டன் பேப்பர் எரியற வாசனையோட சாம்பல் ஆகும், பாலியஸ்டர் உருகி சின்ன கருப்பு உருண்டையா நிக்கும். கடையிலயே தெரிஞ்சுக்கணும்னா கையில கசக்கி அஞ்சு செகண்ட் பிடிச்சு விடுங்க, கொஞ்சம் கூட சுருக்கம் விழலைன்னா நிறைய கலப்பு இருக்குன்னு வெச்சுக்கலாம். கலப்பு தப்புன்னு சொல்லலை, ஜிம்முக்கு, விளையாட்டுக்கு பாலியஸ்டர்தான் சீக்கிரம் காயும், காட்டன் ரேட் கொடுத்து அதை வாங்கக் கூடாதுன்னு சொல்றேன். இந்த பாப்கார்ன் சட்டைன்னு ஒண்ணு ஓடுது பாருங்க, பார்க்க ஸ்டைலா புசுபுசுன்னு இருக்கும், பெரும்பாலும் பாலியஸ்டர்தான், ஏசி ரூம்ல போட்டோ எடுக்க நல்லா இருக்கும்.

சாயத்துக்கு ஒரு வெள்ளைக் கர்ச்சீப்பை லேசா நனைச்சு எடுத்துட்டுப் போங்க, அடர் கலரா இருந்தா உள்பக்கம் ஓரத்துல நாலு தேய் தேய்ங்க. சிவப்பு, கருப்பு, நேவி மூணும் கட்டாயம் பார்க்கணும். கர்ச்சீப்ல நல்லா ஒட்டுச்சுன்னா வீட்டுல இருக்க எல்லா வெள்ளைத் துணிக்கும் அது எமன். ஒரு விஷயம் இடையில, சாயம் நல்லா போட்டு கழிவுத் தண்ணியையும் சுத்தம் பண்ணணும்னா செலவு ஜாஸ்திங்க, நொய்யல் ஆறு கலர் கலரா ஓடி 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊரு இது, இப்ப ஒரு சொட்டு வெளிய விடாம சுத்திகரிக்கணும்னு விதி. ஊர் உலகத்துல இல்லாத விலைக்கு அடர் கலர் கிடைச்சா எங்கயோ ஒரு இடத்துல மிச்சம் பிடிச்சிருக்காங்கன்னு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

பிரின்ட் போட்டது எடுக்கறீங்கன்னா நகத்தால ஓரத்தைச் சுரண்டிப் பாருங்க, ஸ்டிக்கர் மாதிரி ஓரம் தூக்குச்சுன்னா அது சூடு வெச்சு ஒட்டினது, சில மாசத்துல உரியும். ரப்பர் பிரின்ட்ல லேசா இழுத்தா வெடிப்பு விழுதான்னு பாருங்க. தடவினா பிரின்ட் இருக்கறதே தெரியலைன்னா அதை எடுங்க, காத்தும் போகும், உரியவும் உரியாது. நெஞ்சு முழுக்க பெரிய ரப்பர் பிரின்ட் போட்ட டிஷர்ட் நம்ம ஊர் வெயிலுக்கு நெஞ்சுல பிளாஸ்டிக் கவர் கட்டிக்கற கணக்குதான்.

சைஸ் விஷயத்துலதான் இன்ச் டேப். காதர்பேட்டையில பெரும்பாலான கடையில டிரையல் ரூம் கிடையாது, லேபிள்ல இருக்க எம், எல் எல்லாம் எந்த நாட்டு எம்னு தெரியாது. அமெரிக்காக்காரன் எம் நம்ம ஊர் எல் அளவுக்கு இருக்கும், ஐரோப்பா பீஸ் சிலது உடம்பை ஒட்டி ஒடுக்கமா இருக்கும். வீட்டுல உங்களுக்கு ரொம்பக் கச்சிதமா இருக்க ஒரு டிஷர்ட்டைத் தரையில விரிச்சு மூணு அளவு எடுத்து போன்ல குறிச்சுக்கோங்க, அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், கழுத்துத் தோள்ல இருந்து கீழ் வரைக்கும் உயரம். கடையில பீஸை விரிச்சு அதே மூணும் அளந்தா முடிஞ்சது, லேபிள்ல என்ன போட்டிருந்தாலும் நமக்கென்ன. காட்டன் பீஸ் ஒரு அஞ்சு சதவீதம் சுருங்கும்னே வெச்சு எடுங்க, 28 இன்ச் உயரம் இருந்தா துவைச்சதும் கிட்டத்தட்ட ஒண்ணரை இன்ச் காணாம போயிரும், இடுப்பு தெரியற டிஷர்ட் நிறைய பேர் போட்டுட்டுத் திரியறது ஃபேஷனால இல்ல.

பொண்ணுங்க டாப்ஸ்ல 36, 38, 40ன்னு நம்பர் இருந்தா அது நெஞ்சளவு இன்ச்னு நினைச்சுடாதீங்க, ஐரோப்பா சைஸ் நம்பர் அது, அங்க 38ன்னா ஏறக்குறைய எம், மார்பளவு 88 சென்டிமீட்டர் பக்கம், நம்ம கணக்குல 34, 35 இன்ச்தான். இந்த ஒரு குழப்பத்துலயே எத்தனை டாப்ஸ் தங்கச்சிக்கு, தங்கச்சி பொண்ணுக்குன்னு கை மாறுதோ. குழந்தைங்க துணியில 74, 86, 104ன்னு போட்டிருந்தா அது குழந்தையோட உயரம், சென்டிமீட்டர்ல. வயசைச் சொல்லி எடுக்காதீங்க, சுவத்துல நிக்க வெச்சு அளந்துட்டுப் போங்க, குழந்தைக்குன்னா அடுத்த சைஸே எடுத்துக்கலாம். குழந்தை டிரெஸ்தான் சொல்லப் போனா திருப்பூர்ல எடுக்க வேண்டிய முதல் ஐட்டம், ஐரோப்பா குழந்தைப் பீஸ் துணி அவ்வளவு மெத்துனு இருக்கும், ஆறு மாசத்துல சின்னதாகப் போற துணிக்கு மால்ல போய் 800 கொடுக்கறது எனக்கு மனசு ஆறாது.

செகண்ட்ஸ் எடுக்கலாமான்னா தாராளமா எடுக்கலாம், குறை எங்க இருக்குன்னு தெரிஞ்சு எடுங்க. கீழ்மடிப்பு ஓரத்துல கறை, உள்பக்கத் தையல்ல பிசிறு, ஷேட் கொஞ்சம் வித்தியாசம், இதெல்லாம் போட்டா யார் கண்ணுக்கும் தெரியாது. ஓட்டை எங்க இருந்தாலும் வேண்டாம். மெஷின் எண்ணெய்க் கறை மஞ்சளா இருந்தா போகறது கஷ்டம், அந்தப் பீஸை நைட் டிரெஸ் விலைக்குக் கேளுங்க. பேரம்னா ஒரு பீஸுக்கு பேசாதீங்க, அஞ்சாறு பீஸ் எடுத்து வெச்சுட்டு "மொத்தமா என்ன பண்ணிக் கொடுப்பீங்க, கடைசி ரேட் சொல்லுங்க"ன்னு கேட்டா குறையும். ஒரு முக்கியமான விஷயம், பார்த்து எடுத்த அதே பீஸைத்தான் கட்டணும், "புதுசு உள்ள இருந்து எடுத்துத் தரேன்"னு கவர் போட்டதை நீட்டுவாங்க, நல்ல மனசோடதான் சொல்லுவாங்க, ஆனா நீங்க செக் பண்ணது கையில இருக்கறது. அதையே கட்டச் சொல்லுங்க, இல்ல கவரைப் பிரிச்சு மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிங்க.

இன்னொண்ணு, திருப்பூர்ல எல்லாம் கிடைக்கும்னு ஒரு நினைப்பு இருக்கு. இந்த ஊரோட பலம் பின்னல் துணி. டிஷர்ட், போலோ, டிராக் பேன்ட், ஷார்ட்ஸ், லெகிங்ஸ், நைட் டிரெஸ், உள்ளாடை, குழந்தை டிரெஸ், ஹூடி, இவ்வளவுதான். ஜீன்ஸும் சட்டையும் கடையில தொங்கும், அதுல முக்கால்வாசி வெளியூர்ல இருந்து வந்தது, ஜீன்ஸ்னா பெல்லாரி பக்கம் நிறைய தைக்கறாங்க, இங்க வாங்கறதால தனியா லாபம் ஒண்ணும் இல்ல. ஜீன்ஸ் எங்க எடுத்தாலும் ஜிப்பை நாலு தடவை ஏத்தி இறக்குங்க, பாக்கெட் வாய்லயும் பெல்ட் லூப்லயும் குறுக்கே நெருக்கமா அடிச்ச தையல் இருக்கான்னு பாருங்க, கிழியறது அங்கதான் முதல்ல. லைக்ரா ஒண்ணு ரெண்டு சதவீதம் போதும்.

சட்டைத் துணி, குர்த்தித் துணின்னா அப்படியே ரயில்ல ஏறி ஈரோடு போயிருங்க, ஒரு மணி நேரம் கூட ஆகாது. அங்க கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய் வரைக்கும் நடக்கும், வெளி மாநில வியாபாரிங்க எல்லாம் வந்து மூட்டை கட்டுவாங்க, நம்மளும் ஓரமா புகுந்து எடுத்துக்கலாம். துணியா எடுத்துத் தைக்கறதுல இருக்க சுகம் ரெடிமேட்ல வராதுங்க. பன்னான்னா துணியோட அகலம், பெரிய பன்னா 58 இன்ச்னா முழுக்கை சட்டைக்கு ஒண்ணே அறுபது மீட்டர் போதும், 36 இன்ச் பன்னான்னா ரெண்டே கால் மீட்டர் வேணும், கடைக்காரர் ரெண்டே கால்தான் வேணும்பார், பன்னாவைக் கேட்டுட்டு வெட்டச் சொல்லுங்க. ரேயான் துணி ஈரோட்டுல மலிவு, உடுத்தினா நல்லா விழும், குர்த்திக்கு அருமை, ஆனா தைக்கக் கொடுக்கறதுக்கு முன்னாடி தண்ணியில ஊற வெச்சு காய வெச்சே ஆகணும், அது சுருங்கற சுருக்கம் அப்படி. லினன்னு சொல்லி விக்கறதுல பாதி லினனே இல்ல, கோணல் மாணலா நூல் விட்ட காட்டன், தொட்டா சில்லுனு இல்லன்னா காட்டன் விலை பேசுங்க. பொண்ணுங்க தைக்கக் கொடுக்கும்போது பாக்கெட் வைக்கச் சொல்ல மறக்காதீங்க, ரெடிமேட்காரங்க வெக்கவே மாட்டேங்கறாங்க.

சென்னையில இருக்கவங்க இவ்வளவு தூரம் வர முடியாதுன்னா வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு போங்க, தி.நகர் ரங்கநாதன் தெரு கூட்டத்துக்கு இது எவ்வளவோ தேவலை. பிளாட்ஃபார்ம் கடையில எடுத்தா மேல சொன்ன அதே செக்கிங், திருப்பிக் கொடுக்க முடியாதுங்கறதால கொஞ்சம் கூடுதலா. ஆடித் தள்ளுபடியில துணி எடுக்கறவங்க விலைச் சீட்டுல எந்த மாசம் எந்த வருஷம் தயாரிச்சதுன்னு போட்டிருந்தா அதைப் பாருங்க, போன வருஷத்து ஸ்டாக்கை நிஜமாவே தள்ளி விடறாங்கன்னா அது நல்ல தள்ளுபடி, போன மாசம் தயாரிச்சதுக்கு 60 சதவீதம் தள்ளுபடின்னா அந்த எம்ஆர்பியே தள்ளுபடிக்குன்னு அச்சடிச்சது. வரி விஷயமும் மாறியிருக்கு, முன்னாடி 1000 ரூபாய்க்கு மேல போனா 12 சதவீதம் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22ல இருந்து 2500 வரைக்கும் 5 சதவீதம்தான், 999ன்னு கட்டாயமா நிக்க வேண்டியதில்ல, கொஞ்சம் நல்ல சட்டையே எடுக்கலாம்.

ஆன்லைன்ல எடுக்கறதுன்னா கையால தொட முடியாது, அதனால படிக்கணும். துணி விவரத்துல "காட்டன் பிளெண்ட்"னு மட்டும் போட்டு சதவீதம் போடலைன்னா அடுத்ததுக்குப் போங்க. ஜிஎஸ்எம் போட்டிருக்கான்னு பாருங்க. ரிவ்யூல அஞ்சு ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் விட்டுட்டு மூணு ஸ்டார் கொடுத்தவங்க எழுதினதைப் படிங்க, துணி ஓகே, நீளம் கம்மின்னு உருப்படியா எழுதறவங்க அவங்கதான். வாங்கினவங்க போட்ட போட்டோவைப் பாருங்க, மாடல் போட்டோ டியூப் லைட்டுல எடுத்தது இல்ல. சைஸ் சார்ட்ல உடம்பு அளவா துணி அளவான்னு கவனிச்சு போன்ல குறிச்சு வெச்ச அந்த மூணு அளவோட ஒப்பிட்டுப் பார்த்து ஆர்டர் போடுங்க.

ஸ்டைல்னு கேட்டீங்கன்னா என் அபிப்பிராயம் ரொம்பச் சின்னது. தோள் தையல் தோள் எலும்பு முடியற இடத்துல உக்காந்தா 150 ரூபா டிஷர்ட்டும் நல்லா இருக்கும், ரெண்டு இன்ச் இறங்கித் தொங்கினா 1500 ரூபா டிஷர்ட்டும் அண்ணனோடதைப் போட்ட மாதிரி இருக்கும். ஓவர்சைஸ் வேணும்னா ஓவர்சைஸ்னே வெட்டினதை எடுங்க, எம் சைஸ் ஆளு டபுள் எக்ஸ்எல் எடுத்தா அது ஓவர்சைஸ் ஆகாது, கழுத்தும் சேர்ந்து அகலமாகி ஒரு பக்கமா வழியும். பேன்ட்டை முதல்ல முடிவு பண்ணுங்க, கருப்பு, நேவி, காக்கின்னு மூணு பேன்ட் இருந்தா அதுக்கு மேல எடுக்கற எல்லா டிஷர்ட்டும் மூணோடவும் சேரணும், சேராத கலரா இருந்தா எவ்வளவு மலிவா இருந்தாலும் அது பீரோவுல தூங்கத்தான் போகுது. கருப்பா இருக்கவங்க அந்தக் கலர் போடக் கூடாது இந்தக் கலர் போடக் கூடாதுன்னு கடையிலயே சில பேர் ஆரம்பிப்பாங்க, காதுலயே வாங்காதீங்க. கடுகு மஞ்சள், மெரூன், பாட்டில் கிரீன், நல்ல வெள்ளை எல்லாம் நம்ம நிறத்துல எடுத்துக் காட்டற மாதிரி வேற யாருக்கும் எடுத்துக் காட்டாது. எனக்குப் பிடிக்காதது வெளிர் ரோஸும் வெளிர் சாம்பலும்தான், சாம்பல்ல வேர்வை அக்குள்ல மேப் போட்டுரும், அது நிறத்தால இல்ல, ஊரால.

வீட்டுக்கு வந்ததும் முதல் துவைப்பு தனியா, பச்சைத் தண்ணி, உள்பக்கம் வெளியில திருப்பி. பிரின்ட் போட்டதை மேல நேரா அயர்ன் பண்ணாதீங்க, ரப்பர் அயர்ன் பொட்டில ஒட்டிக்கும், திருப்பிப் போட்டுத்தான். டிஷர்ட்டை ஈரத்தோட தோள்ல கிளிப் மாட்டித் தொங்க விட்டா தண்ணி கனத்துல இழுத்து நீளமாகி தோள்ல ரெண்டு கொம்பு முளைச்சிரும், கொடியில நடுவுல மடிச்சுப் போடுங்க, நிழல்ல. காஞ்சதும் அந்த இன்ச் டேப்பை எடுத்து உயரத்தை மட்டும் ஒரு தடவை அளந்து போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க, எந்தக் கடைப் பீஸ் எவ்வளவு சுருங்குச்சுன்னு தெரிஞ்சா அடுத்த தடவை அங்க எந்த சைஸ் எடுக்கணும்னு கடைக்காரரைக் கேக்க வேண்டியதில்ல.